பத்தாவது அழைப்பு

அன்று ஒன்பது பேர்தான் வேலைக்கு வந்திருந்தார்கள். திரையில் பத்து அழைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

வாஷிங் மெஷின் பழுதுக்குப் புகார் வாங்கும் அலுவலகம் அது. அங்கே போன்களைக் கவனித்துக்கொள்ளும் அவனை எல்லாரும் லைன்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிற இணைய இணைப்போ படு குறுகல். பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே நேரத்தில் பத்து அழைப்புதான் என்று அவன் கணக்குக் கட்டியிருந்தான். பதினோராவது ஆளுக்கு பிஸி டோன்தான். அந்தப் பத்துக்கும் இடம் போதாமல், குரல்களை எட்டில் ஒரு பங்காக நசுக்கி அனுப்பினான். யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் ஒரே மாதிரி கேட்டது.

"ஏங்க, இந்த போன்ல நீங்க பேசுறதும் ஒண்ணுதான், உங்க மேனேஜர் பேசுறதும் ஒண்ணுதான்" என்று மனைவி கேலி செய்வாள். அலுவலக போன் ஒன்றை அவன் வீட்டிலும் வைத்திருந்தான். நேற்று குழந்தை அவள் செல்போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டதால், இப்போது வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான்.

மூன்று நாட்களாகப் பகலில் யாரோ வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் ஆள் இல்லை. இன்று காலை கிளம்பும்போது அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தான்: "நான் போன் பண்ணிச் சொன்னா மட்டும் திற."

பத்தாவது அழைப்பு சுவரோரக் கடைசி மேசையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய்ப் பார்த்தான். நாற்காலி மேசைக்குள் தள்ளப்பட்டிருந்தது. மேசைமேல் மெல்லிய தூசி. ரிசீவர் அதன் இடத்திலேயே கிடக்க, பக்கத்தில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தான். ஒரு சத்தமும் இல்லை. ரிசீவரில் யாரோ வெகுநேரம் வாய் வைத்துப் பேசியதுபோல் வெதுவெதுப்பும், ஊறிப்போன துணியின் வாடையும் இருந்தன.

"அக்கா, இங்க யாரு உக்காந்தா?"

பக்கத்து மேசைக்காரி ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். "அந்தப் பொண்ணு லீவு போட்டு மூணு நாளாச்சேப்பா."

மூன்று நாள்.

தன் அறைக்குத் திரும்பித் திரையை மறுபடி பார்த்தான். யாரும் பேசாத நொடிகளில் எதையும் அனுப்பாமல் இடத்தை மிச்சப்படுத்துகிற ஏற்பாடு அவனுடையதுதான். பேசினால்தான் பச்சைக் கோடு எழும்பும். பத்தாவது கோடு எழும்பித் தணிந்து, எழும்பித் தணிந்து, நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. எந்த எண்ணோடு என்று பார்த்தான். அவன் வீட்டு எண்.

வயரில்லாத ஹெட்போனை மாட்டி அந்த அழைப்புக்குள் நுழைந்தான். அதில் கேட்கலாம், பேச முடியாது. அதையும் அவனேதான் அப்படி வைத்திருந்தான்.

வீட்டு மின்விசிறியின் கிறீச் கேட்டது. குழந்தை சிணுங்கியது. பிறகு மனைவி.

"அப்போ மூணு நாளா தட்டுறது நீங்கதானா? ஏங்க இப்படிப் பயமுறுத்துறீங்க?"

"ஆமா. நான்தான். வந்துட்டேன். திற." தகரக் குரல்.

துண்டித்தான். திரையில் ஒன்பது. வீட்டு எண்ணை அழுத்தி முடிப்பதற்குள் மறுபடி பத்து. பிஸி டோன். மறுபடி துண்டித்தான். மறுபடி பத்து. அவசரத்தில் எண்கள் மாறிப்போயின.

அறைக்கு வெளியே ஓடினான். "எல்லாரும் போனை வைங்க. தயவுசெஞ்சு வைங்க."

அவன் முகத்தைப் பார்த்து எல்லாரும் வைத்துவிட்டார்கள். ஒன்பது விளக்குகள் அணைந்தன. ஒன்று அணையவில்லை. அறைக்குத் திரும்பி மறுபடி வீட்டுக்கு அழைத்தான். இவ்வளவு இடம் காலியாகியும் அவனுக்குக் கிடைத்தது பிஸி டோன்தான். வீடு நாற்பது நிமிடத் தூரம். கட்டடத்துக்குள் வரும் இணையக் கேபிளைப் பிடித்து இழுத்தான். கையோடு வந்துவிட்டது. திரையில் எல்லாம் பூஜ்யம்.

ஹெட்போன் இன்னும் காதில் இருந்தது.

மின்விசிறி. கிறீச்.

தாழ்ப்பாள் நகரும் சத்தம்.

"வாங்க. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?" அவள் குரல் தயங்கியது. "ஏங்க... முகத்தைக் காட்டுங்க."

பதில் வந்தது. இப்போது அது நசுங்கியிருக்கவில்லை. மூச்சு கேட்டது, எச்சில் விழுங்குவது கேட்டது. காலையில் வாசலில் நின்று அவன் பேசிய அதே குரல்.

"குழந்தைய என்கிட்ட குடு."

அறுந்த கேபிளைக் கையில் பிடித்தபடி அவன் நின்றான். ஹெட்போனுக்குள் குழந்தை சிரித்துக்கொண்டே "அப்பா" என்றது.