தலைவர் 'மருந்து' குடிக்கவில்லை!

போன் அலறியது.

தலைவரின் சட்டைப் பாக்கெட்டுக்குள் இருந்துதான் அலறியது. அவர் எடுக்கவில்லை. எடுக்கிற நிலையிலும் இல்லை. விவசாயிகள் சங்க அலுவலகத்தின் சிமென்ட் தரையில், நோட்டீஸ் கட்டுகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் மண்டை ஓடு படம் போட்ட காலி டப்பா!

காலை மணி ஏழு.

ராத்திரி வீட்டுக்கு வராத புருஷனுக்குப் போன் போட்டபடியே தேடி வந்த மனைவி, அவர் கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"ஐயோ...!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே மேஜை மேல் ஒரு கடிதம் கண்ணில் பட்டது. படித்தாள். செயலாளருக்குப் போன் போட்டாள்.

இருபது நிமிஷத்தில் பைக் வந்து நின்றது. தலைவருக்குப் பத்து வருஷமாக வலது கையாக இருந்தவர் செயலாளர். உள்ளே வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணி... அண்ணனா இப்படி? பதினோரு மணிக்கு விசாரணை! மரபணு மாத்தின கத்திரி விதைக்கு அனுமதி கொடுக்கக் கூடாதுன்னு இவர்தானே பேசணும்? தோத்துடுவோம்னு பயந்துட்டாரா?"

"இந்த லெட்டரை அவர் எழுதல."

"கையெழுத்து அவரோடதுதானே அண்ணி?"

"கையெழுத்து மட்டும்தான் அவரோடது." கம்ப்யூட்டரில் அடித்திருந்த அந்த நாலு வரியை அவள் விரல் தட்டியது. "'மனம் வெறுத்து மருந்து குடிக்கிறேன்'னு இருக்கு. அவர் வாயில அந்த வார்த்தை வருமா?"

வராது!

ஊர் உலகமே வயலுக்கு 'மருந்து' அடிக்கும். இந்தச் சங்கத்தில் மட்டும் அந்த வார்த்தைக்குத் தடை. 'நோயைத் தீர்த்தா மருந்து... ஆளைத் தீர்த்தா விஷம்!' என்பார் தலைவர். வாய் தவறிச் சொன்னவர் அன்றைக்குப் போஸ்டர் பசை வாளியைத் தூக்க வேண்டும். தலைவர் ஒருநாளும் தூக்கியதில்லை.

"லெட்டர்பேடுல வெறும் தாளா கையெழுத்துப் போட்டு வெச்சிருப்பாரே... அவசரத்துக்கு அறிக்கை விடறதுக்கு... அந்தத் தாள் எல்லாம் யார்கிட்ட..."

நிறுத்தினாள். கேள்வி முடிவதற்குள் பதில் கிடைத்துவிட்டது.

க்ளிக்!

செயலாளர் கதவைத் தாழ் போட்டிருந்தார்.

"இந்த லெட்டரை யார்கிட்டயாவது காட்டினீங்களா அண்ணி?"

அவள் போனை இறுகப் பிடித்தாள்.

"முதல் போனே உங்களுக்குத்தான் பண்ணேன்..."

"ரொம்ப நல்லது."

அவள் போனைப் பிடுங்கி அணைத்தார். அறைக்கு ஒரே கதவு. ஒரே ஜன்னல், அதிலும் இரும்புக் கம்பி. பக்கத்து மாவு மில் ஓட ஆரம்பித்திருந்தது. தொண்டை கிழியக் கத்தினாலும் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

"ஏன்டா? கூடவே இருந்து குழி பறிச்சியே... ஏன்?"

"எல்லாம் ஒரு புழுவால வந்தது அண்ணி!" சிரித்தார். "என் மூணு ஏக்கர் கத்திரியில சொத்தைக் காயே இல்ல. 'விஷமும் அடிக்கல, புழுவும் வரலன்னா எப்படிடா?'ன்னு தோண்டித் துருவிட்டார். அது புழு அண்டாத கம்பெனி விதை, அதே மரபணு மாத்தின கத்திரி. திருட்டுத்தனமா சோதனைக்கு விதைச்சிருந்தேன். இன்னிக்கு விசாரணையில போட்டு உடைச்சிருப்பார். ராத்திரி டீ வாங்கிட்டு வந்து கொடுத்தேன்."

"பாவி..!"

"கம்பெனிக்காரனோட பழகிப் பழகி, எழுதறப்ப 'மருந்து'ன்னே வந்துடுச்சு. நல்லவேளை, சொன்னீங்க. திருத்திடறேன்."

தீக்குச்சி உரசினார். பழைய கடிதம் சாம்பலானது. பையிலிருந்து கையெழுத்துப் போட்ட இன்னொரு தாளை எடுத்துப் பிரிண்டரில் செருகினார். கீபோர்டில் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்.

"மனம் வெறுத்து... விஷம்... குடிக்கிறோம்."

"குடிக்கிறோமா?"

"ஆமா அண்ணி. அண்ணன் தனியா போகலாமா?"

பிரிண்டர் தாளைத் துப்பியது. செயலாளர் அலமாரியிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்து மூடியைத் திருகினார். அந்த நெடி மூக்கைப் பிடுங்கியது. அவள் பின்வாங்கினாள். முதுகு சுவரில் முட்டியது. இனிப் போக இடமில்லை! செத்துப்போவோம் என்று அந்தக் கணத்தில் நிச்சயமாக நம்பினாள்.

தட்! தட்! தட்!

"போலீஸ்! கதவைத் திற!"

செயலாளர் ஒரு விநாடிதான் திகைத்தார். சட்டென்று டப்பாவை அவள் கையில் திணித்தார். கண்ணில் கண்ணீரை வரவழைத்துக்கொண்டு தாழை நீக்கினார்.

"சார்... கடவுள் மாதிரி வந்தீங்க! தலைவர் போயிட்டார். அண்ணியும் குடிக்கப் போனாங்க. நான்தான் போராடித் தடுத்தேன். லெட்டரைப் பாருங்க!"

"பொய் சார்! இவன்தான்..."

"துக்கத்துல பிதற்றறாங்க சார்."

கையில் விஷ டப்பா. எதிரே தலைவர் கையெழுத்துடன் கடிதம். தன் பேச்சு அம்பலம் ஏறுமா?

இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை. பிரிண்டரிலிருந்த தாளை எடுத்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து தலைவரின் கையைத் தொட்டார்.

"எழுதின ஆள் சில்லுனு இருக்கார்... எழுதின தாள் சூடா இருக்கே?"

"அ... அது..."

இன்ஸ்பெக்டர் தன் செல்போனை நீட்டினார். திரையில் முதல் கடிதத்தின் படம்.

"ஏழு பத்துக்கு இந்தம்மா எனக்கு அனுப்பினது. கூடவே, 'இது என் புருஷன் எழுதினதில்ல, சீக்கிரம் வாங்க'ன்னு ஒரு வரி."

"முதல் போன் எனக்குத்தான்னு சொன்னீங்களே!" செயலாளர் அலறினார்.

"போன் உனக்குத்தான் முதல்ல பண்ணேன்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ வர்ற வரைக்கும் நான் சும்மா இருப்பேன்னு யார் சொன்னா?"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ஏழு பத்துக்கு 'மருந்து'. ஏழே முக்காலுக்கு 'விஷம்'. செத்த பிறகு எழுந்து வந்து பிழை திருத்தின தலைவரை இப்பத்தான்யா பார்க்கறேன்! வா, ஸ்டேஷன்ல நீயும் ஒண்ணு எழுதிக் கொடு... ஒரே தடவையில, அடித்தல் திருத்தல் இல்லாம!"