நாலு நிமிஷம் அசையாமல்

நாகலாபுரத்துக்கு மேற்கே காட்டோடையின் குறுக்கே ஒரு பழைய கல்லணை இருக்கிறது. வருஷம் முழுக்க ஆடு படுத்துக்கிடக்கிற அணை. ஐப்பசியில் அடைத்துக்கொண்டு பெய்தால் மட்டும் நிறைந்து, பன்னிரண்டடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும். ஊரெல்லாம் குற்றாலம் போனால் எங்கள் கரிசக்காட்டுக்காரர்கள் இதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள்.

இந்த முறை ஒன்பது வருஷம் கழித்து நிறைந்தது. கோவில்பட்டியில் என் ஸ்டுடியோவை அன்று பூட்டிவிட்டு, ரூபினாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கல்யாண வீட்டில் வரிசையாக நிற்க வைத்து எடுத்து எடுத்து எனக்கே என் தொழில் சலித்துப்போயிருந்தது. மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு படம், ஸ்டுடியோ வாசல் சுவரில் பெரிதாக மாட்ட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அந்த ஆசையில்தான் மண் விழுந்தது.

கடைசி அரை மைல் ஸ்கூட்டர் போகவில்லை. கரிசல் சேறு டயரைக் கவ்விக்கொண்டது. ரூபினா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நடந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது, அவள் ஒரு இடத்தில் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

அணைக்கு முன்பே சத்தம் வந்தது. புதுத் தண்ணீரின் மண் வாடையும் வந்தது. காலை பத்து மணிதான், ஆனால் மேகம் இறங்கி வெளிச்சம் மங்கிக் கிடந்தது.

இசக்கியப்பன் அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். அந்த ஊரில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். அவர் மனைவி மாரித்தாய் மஞ்சளும் பூவும் தூவ, அருவிக்குக் கீழே உள்ள அகலப் படியில் ஆறேழு பேர் தண்ணீருக்குள் இக்கரைக்கும் அக்கரைக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் நிற்கவில்லை. பூவைப் போடும்போதுகூட மாரித்தாயின் கால் மாறி மாறி எழுந்துகொண்டே இருந்தது.

“பாய், படம் எடுக்குததுன்னா தாராளமா எடுங்க. தண்ணிக்குள்ள இறங்குனா நிக்க மட்டும் செய்யாதீங்க. காலை மாத்தி வச்சுக்கிட்டே இருக்கணும்” என்றார் அண்ணாச்சி.

“நின்னா என்ன அண்ணாச்சி, போலீஸ் பிடிக்குமா?”

அவர் சிரிக்கவில்லை. “அங்கன ஏற்கெனவே ஒரு ஆளு நிக்குது. அதுக்குக் கால் கடுத்துப் போயிருக்கும்லா. மாத்தாளு தேடும்.”

கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

நான் எடுக்க நினைத்தது லாங் எக்ஸ்போஷர். லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி, நாலு நிமிஷம் ஷட்டரைத் திறந்தே வைப்பது. ஓடுகிற தண்ணீர் பால் மாதிரி, புகை மாதிரி ஆகிவிடும். நடக்கிற மனிதர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். அசையாமல் இருப்பது மட்டும் மிஞ்சும்.

ஸ்டாண்டை ஊன்றி முதல் படம் எடுத்தேன். தூறல் விழுந்ததால் கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் வந்ததைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. பால் போல அருவி. நடந்த அத்தனை பேரும் மறைந்துவிட்டார்கள். படியின் நடுவில் ஒரு பெண் மட்டும் முழங்கால் தண்ணீரில் அவ்வளவு துல்லியமாக நின்றாள். முகம் கீழே குனிந்திருந்தது.

அண்ணாச்சி வீட்டுப் பெண்களில் ஒருத்தி சொல் கேளாமல் நின்றுவிட்டாள் என்று நினைத்தேன். அந்த ஓர் உருவத்தால் படத்துக்கே உயிர் வந்திருந்தது. அந்த இடத்தில் ரூபினா நின்றால்?

அண்ணாச்சி குடும்பம் போய்விட்டது. ரூபினாவைக் கூப்பிட்டேன்.

“அந்த அக்கா நின்ன இடத்துல போய் நில்லு. நாலே நிமிஷம்.”

“எந்த அக்கா? அங்கன யாருமே நிக்கலியே, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

“நின்னாவ. நீ போ.”

அவள் என்னைப் பார்த்தாள். “அவிய நிக்கக் கூடாதுன்னு சொன்னாவளே.”

“ஏட்டி, நீயுமா?” என்றேன்.

கேலி செய்தால் அவள் எதையும் செய்வாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

போய் நின்றாள். ஷட்டரைத் திறந்தேன்.

முதல் நிமிஷம் எனக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது நிமிஷம் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஏங்க.”

“அசையாத.”

“காலைக் கெட்டியா பிடிச்சிருக்குங்க.”

“சேறுதான். இன்னும் ரெண்டு நிமிஷம்.”

“சேறு இல்லங்க. விரலு.”

சொன்னபோது அவள் உதடு மட்டும்தான் அசைந்தது. அவள் கண் என்னையே பார்த்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அல்லா மன்னிக்கட்டும், நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

ஷட்டர் மூடியது. அவள் தடுமாறி ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பல் கிட்டிப்போயிருந்தது. அணைத்துக்கொண்டே ஒரு கண்ணால் திரையைப் பார்த்தேன்.

படி காலியாக இருந்தது.

அந்தப் பெண்ணும் இல்லை. ரூபினாவும் இல்லை. ரூபினா நின்ற இடத்தில் தண்ணீர்தான் புகையாக ஓடியது. நாலு நிமிஷம் கல் மாதிரி நின்றவள், ஓடுகிற தண்ணீரைப் போலக் கரைந்திருந்தாள்.

படத்தின் ஓரத்தில், அக்கரை மேட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு, யாரோ காட்டுப் பக்கம் பார்த்து நின்றார்கள். நிமிர்ந்து அந்த மேட்டைப் பார்த்தேன். வெறும் வேலிக்கருவைப் புதர்தான் நின்றது.

படம் சரியாக வரவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஸ்டுடியோவில் அவளை உட்கார வைத்து ஒரு வினாடி ஷட்டரில் எடுத்துப் பார்த்தேன். நாற்காலி மட்டும் இருந்தது. சாதாரண வேகத்தில் எடுத்தேன், இருந்தாள். சாகக் கிடந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் அந்த வேகத்திலும் புகையாக விழுந்தாள். வேகத்தைக் கூட்டினேன். வினாடியில் நூறில் ஒரு பங்கு. பத்து நாளில் அதுவும் போதவில்லை. ஐந்நூறு. ஆயிரம். பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லாம் நார்மல் என்றார். பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரை வாங்கிக் கொடுத்தேன். என்ன ஏது என்று கேட்காமல் குடித்தாள்.

அண்ணாச்சி வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்று முழுதும் கேட்டார்.

“மாத்துறதுக்கு வழி இருக்கா அண்ணாச்சி?”

“எனக்கு என்ன பாய் தெரியும்? நாங்க நிக்க மாட்டோம். அது மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும்.”

அப்படியே அணைக்கு ஓடினேன். அருவி நின்று, படியில் ஒரு சாண் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவள் நின்ற அதே இடத்தில் நின்றேன். “என்னை எடுத்துக்கோ” என்று கத்தினேன். ஒரு மணி நேரம் அசையவில்லை. ஸ்டாண்டில் கேமரா நாலு நாலு நிமிஷமாக எடுத்துக்கொண்டிருந்தது. பார்த்தால் எல்லாப் படத்திலும் நான்தான் இருந்தேன். துல்லியமாக, முட்டாள் மாதிரி, தனியாக.

வீட்டில் அவள் எப்போதும் போலத்தான் இருக்கிறாள். சோறாக்குகிறாள், சண்டை போடுகிறாள். ஒருநாள் டீ கொண்டுவந்தபோது எனக்கு டம்ளர் முதலில் தெரிந்தது. அவள் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தாள். அதற்குப் பிறகு அவள் பக்கம் பட்டென்று திரும்புவதில்லை. மெதுவாகத்தான் திரும்புகிறேன்.

“தினமும் என்னையே எதுக்குப் படம் எடுக்குதீங்க? நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் பொண்டாட்டி அழகு தெரியுதாக்கும்?” என்று கேலி செய்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

என் கேமராவுக்கு உச்ச வேகம் வினாடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் அதனால் ஏலாது. நேற்று அதில்தான் அவள் கிடைத்தாள், அதுவும் லேசாக, பின்னால் இருந்த சுவர் தெரிகிற மாதிரி.

இன்று உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குக் கூட்டிவந்தேன். அவ்வளவு வேகத்துக்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“சிரிக்கவா, சும்மா இருக்கவா?”

“சிரி.”

அழுத்தினேன். குனிந்து திரையைப் பார்த்தேன்.

வெயில் இருந்தது. நாற்காலி இருந்தது. நாற்காலியின் நிழல் இருந்தது.

“எப்படி வந்திருக்கு?”

“நல்லா வந்திருக்கு” என்றேன்.

“காட்டுங்க.”

நான் குனிந்தபடியே இருந்தேன்.

“என்னங்க, நான் இங்கனதான இருக்கேன்” என்றாள். குரல் எதிரேதான், கைக்கெட்டும் தூரத்தில்தான் கேட்டது. “நிமிந்து பாருங்களேன்.”