கடைசி வரை கவனமாகக் கேட்டவர்

"இன்டர்வியூவுல சில பேர் வேணும்னே வாயைத் திறக்க மாட்டாங்க. உம்முனு உக்காந்து உன்னையே பாத்துட்டிருப்பாங்க. அது ஒரு டெஸ்ட்!"

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"பதறக் கூடாது. சிரிச்ச முகமா, கண்ணைப் பாத்து, பேசிட்டே இருக்கணும். அவங்களா நிறுத்தச் சொல்ற வரைக்கும்!"

"இவ்வளவு தெரிஞ்ச நீங்களே..."

"நானே?"

"ஒண்ணுமில்லீங்க."

நேற்று கணவன் நடத்திய பாடம் அது. தொழிற்சாலையை மூடி அவனை அனுப்பிய நாளிலிருந்து அவன் வாசற்படி தாண்டவில்லை. தாண்டியதெல்லாம் அவள்தான். இந்த வேலையும் கை நழுவினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அந்தப் பாடத்தைத்தான் இப்போது அட்சரம் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

எதிரே மேலாளர். வலைப்பின்னல் முதுகு வைத்த நாற்காலி. இமைக்காத கண்கள்!

"அவசரத்துலயும் நிதானம் தவற மாட்டேன் சார்..."

பதில் இல்லை.

டெஸ்ட்!

அவள் சிரிப்பை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினாள்.

"என்கிட்ட இருக்கற ஒரே குறை... எதையும் பாதியில விட மாட்டேன் சார்."

மேலாளர் மசியவில்லை. சரியான கல்லுளிமங்கன்!

சான்றிதழ்களை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மேஜை விளிம்பில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தன.

குனிந்தாள்.

நாற்காலிக்கு அடியில்... கருஞ்சிவப்பாய்... தேங்கிக் கிடந்தது!

எழுந்தாள். நாற்காலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

வலைப்பின்னல் வழியே முதுகில் இறங்கியிருந்தது கத்தி. பிடி மட்டும் வெளியே!

"ஆ...ஆ...ஆ!"

இன்ஸ்பெக்டர் வந்தபோது அவள் வரவேற்பறை சோபாவில் சுருண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்மா பேசினீங்க?"

"அரை மணி இருக்கும் சார்."

"பொணத்துக்கிட்டயா?"

"டெஸ்ட்னு நினைச்சேன் சார்..."

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"நம்பாதீங்க சார்!" உதவி மேலாளர் முன்னால் வந்தார். வழுக்கைத் தலை வியர்த்துக் கொட்டியது. "இந்தம்மா கதவைத் தட்டினப்ப 'உள்ள வாங்க'ன்னு மேலாளர் கூப்பிட்டது என் காதுல விழுந்துது. அப்ப உயிரோடதான் இருந்தார்!"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"முன்னப்பின்ன தெரியாதவரை நான் எதுக்கு சார் கொல்லணும்?"

"வேலை இல்லேன்னு சொல்லியிருப்பார்..." என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

"அதுக்கெல்லாம் கொல்றதா இருந்தா ஊர்ல பாதி மேனேஜர் மிஞ்ச மாட்டாங்க சார்!"

சொல்லிவிட்டு அழுதாள். கண்ணைத் துடைக்கக் கைப்பையைத் திறந்தவள், உள்ளே ஒளிர்ந்த செல்போனைப் பார்த்துத் திகைத்தாள்.

"சார்... ரெக்கார்டு இன்னும் ஓடிட்டிருக்கு! வெளிய உக்காந்திருக்கும்போதே போட்டேன். ஒவ்வொரு இன்டர்வியூவையும் வீட்டுக்காரர் கேட்டுத் தப்பு சொல்லுவார்."

இன்ஸ்பெக்டர் போட்டுக் கேட்டார்.

கதவு தட்டும் ஓசை. அமைதி. மறுபடி தட்டும் ஓசை. கீல் முனகியது.

'குட்மார்னிங் சார்... உக்காரலாமா சார்?... தேங்க்ஸ் சார்!'

அனுமதி கேட்டவளும் அவள்தான். கிடைத்ததாக நினைத்து நன்றி சொன்னவளும் அவள்தான்!

இன்ஸ்பெக்டர் உதவி மேலாளரின் தோளில் கை வைத்தார்.

"கூப்பிட்ட குரலைக் காணோமே சார்?"

அந்தத் தோள் சரிந்தது.

"என் வேலை சார் அது! விளம்பரம் குடுத்தது என் வேலைக்கு! அதுக்கு என்னையே ஒவ்வொருத்தருக்கும் போன் போட வெச்சார். 'நல்லாப் பேசறவங்களா வரச் சொல்லுய்யா'ன்னார்... இத்தனை வருஷம் உழைச்சவன் சார் நான்!"

அப்போதுதான் முதலாளியம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். விஷயம் கேட்டதும் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"எந்த வேலை? இங்க வேலையே இல்லையே! இந்தக் கிளையை விக்கறோம். வாங்கறவங்க இன்னிக்குப் பாக்க வர்றாங்க. ஆபீஸ் கலகலன்னு தெரியட்டும், ஒரு விளம்பரம் குடுத்து நாலு பேரை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப... நான்?" உதவி மேலாளரின் குரல் உடைந்தது.

"உங்களுக்குத்தான் தலைமை ஆபீசுக்கு பிரமோஷன் போட்டாச்சே! இன்னிக்கு சொல்றேன்னாரே... சொல்லலியா?"

"சொல்ல விட்டாத்தானே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

உதவி மேலாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். விலங்கு மாட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவளுடைய சான்றிதழ்களைப் பொறுக்கி வந்து யாரோ நீட்டினார்கள். ஓரத்தில் ரத்தம். இனி எங்கேயும் காட்ட முடியாது.

செல்போன் அடித்தது. கணவன்!

"எப்படிப் பேசினே? என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. கண்ணை இமைக்காம, கடைசி வரைக்கும் கேட்டார்."

"பாத்தியா! அப்ப வேலை நிச்சயம்!"

"அப்படி ஒரு வேலையே இல்லீங்க."



"போனாப் போகுது. அடுத்ததுக்கு உன்னை இன்னும் நல்லா தயார் பண்றேன்..."

மாதக்கணக்காகத் தொண்டையில் நின்றிருந்தது, அவளைக் கேட்காமலே வெளியே வந்தது.

"ஏங்க... அடுத்ததுக்கு நீங்க போங்களேன். எதிர்ல இருக்கறவர் மூச்சு விடறாரான்னு மட்டும் முதல்ல பாத்துக்கோங்க!"