சதீசன் வீட்டுத் திவசம்

விறாந்தைக் கதிரையில் இருந்த கையோடு ஞானசவுந்தரிக்கு அந்தச் சத்தம் கேட்டது. பக்கத்து அறைக்குள் யாரோ மூச்சை இழுத்து, பாதி வழியில் நின்று, மறுபடி இழுத்து, நெஞ்சுக்குள் சளி கரகரக்க மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டு என்கிற இழுப்பு நோய்க்காரரின் மூச்சு. சாம்பிராணிப் புகையும், கத்தரிக்காய் பொரித்த எண்ணெய் மணமும், கடற்கரையில் ஒதுங்கிக் காயும் சாதாழைக் கடற்புல்லின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து வந்த அந்த மத்தியான வெக்கையில், அது தன் காதுக்குப் பக்கத்தில் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"நிலாந்தினிக்கு முட்டு, லோயரக்கா," என்றான் சதீசன், அவள் கேட்காமலேயே. "கட்டின நாளில இருந்து இழுக்குது."

நிலாந்தினி அவனுடைய புதுப் பெண்சாதி. கட்டி ஒன்றரை மாதம்தான். ஐயோ பாவம் என்று நினைத்து முடிக்குமுன் அந்தப் பிள்ளை படலையைத் திறந்துகொண்டு இடுப்பில் குடத்தோடு வந்தாள். அனலைதீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எல்லா வளவிலும் கிடையாது. கொதிக்கும் வெயிலில் தூரத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறாள். வாயை மூடியபடி நடந்து வந்தாள், அவளுக்கு மூச்சு வாங்கவேயில்லை. அறைக்குள் அந்தச் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்று கோபிகாவின் ஐந்தாவது திவசம். கோபிகா சதீசனின் முதல் மனைவி. தலையணையால் அமுக்கிக் கொன்றான் என்பது வழக்கு. முட்டு வந்து செத்தாள் என்பது ஞானசவுந்தரியின் வாதம். கோபிகா மூச்சிழுக்கப் பாவித்த மருந்துப் பம்பைக் கையில் தூக்கிக் காட்டி, வைத்தியரைக் குடைந்து குடைந்து கேட்டு, அப்படியும் இருக்கலாம் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, நாலு மாதத்துக்கு முன் அவனை வெளியே எடுத்தவள் அவள்தான். ஊர்காவற்றுறையில் அதைப் பற்றிக் கதைக்காத தேத்தண்ணிக் கடை இல்லை.

வழக்கு நடந்த காலத்தில் ஒருநாள், மறியல் கம்பிக்கு அப்பால் நின்று, சதீசன் தானாகவே சொன்னான். "நான்தான் அமத்தினனான், அக்கா." கட்சிக்காரன் சொன்னதைச் சட்டத்தரணி வெளியே விடக்கூடாது. எப்பேர்ப்பட்ட பாவிக்கும் பேச ஓர் ஆள் வேண்டும். நான் கேள்விதான் கேட்டேன், தீர்த்தது நீதிபதி. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இரவுகளில் படுத்தாள். அதில் ஒரு சொல்லாவது பொய் என்று இன்றைக்கும் அவள் நினைக்கவில்லை. நித்திரைதான் வரவில்லை.

திவசச் சோற்றுக்கு அழைத்தால் மறுக்கிற வழக்கம் தீவுப்பக்கத்தில் இல்லை. அதனால்தான் காலை வள்ளம் ஏறினாள். வந்து பார்த்தால் ஊரில் ஒரு குஞ்சு குருமான்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஐயரும் வரவில்லை. விருந்தாளி என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

சதீசன் இலை வெட்டப் போன நேரத்தில், குசினிக்குள் வைத்து நிலாந்தினி அவளுடைய கையைப் பிடித்தாள். தனக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை என்றாள். அந்தச் சத்தம் தான் வாழ வந்த அன்றே இந்த வீட்டில் இருந்தது என்றாள். அவருக்கு அது கேட்கிறதே இல்லை, ஆனால் ஊர் முழுக்கத் தனக்கு முட்டு என்று சொல்லித் திரிகிறார் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் செய்தவரோ, அக்கா? உங்களுக்குத் தெரியும்தானே."

ஞானசவுந்தரியின் வாய்க்குள் பதில் வந்து நின்றது. ஓம் என்று ஒரு சொல். ஓடிப்போ என்று இன்னொரு சொல். இருபத்தாறு வருடத் தொழில் இரண்டையும் மறித்தது.

"கோட்டில தீர்ப்பு வந்திட்டுதுதானே, பிள்ளை," என்றாள்.

நிலாந்தினி கையை விட்டாள். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க மாட்டாமல் ஞானசவுந்தரி அடுப்புப் பக்கம் திரும்பினாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைப்பதற்குள் சதீசன் இலையோடு வந்துவிட்டான்.

சத்தம் கேட்ட அந்தப் பக்கத்து அறைக்குள், கோபிகாவின் படத்துக்கு முன்னால் இலை விரித்துச் சோறும் கறியும் வடையும் படைத்தார்கள். படைத்ததும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துவது வழக்கம். செத்தவர் வந்து சாப்பிடுகிற அந்தக் கொஞ்ச நேரம் யாரும் பேசக்கூடாது, கூப்பிடக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது. தகப்பனின் படையலன்று இருமலைக்கூட விழுங்கி அடக்கியவள் ஞானசவுந்தரி. சதீசன் தண்ணீர்ச் செம்போடு நிலாந்தினியை உள்ளே வரச் சொன்னான். கதவு சாத்துப்பட்டது. இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

கதவுக் கொண்டி விழுந்தது, உள்பக்கமாக.

இந்த வீட்டு வழக்கம் வேறாக்கும் என்று நினைத்தாள் ஞானசவுந்தரி. அப்படி நினைக்கத்தான் அவளுக்கு விருப்பமாக இருந்தது. மடியில் கை வைத்துக்கொண்டு வாய் மூடி இருந்தாள்.

உள்ளே அதே மூச்சிழுவை.

செம்பு உருண்டது. கதவுக்குக் கீழால் தண்ணீர் வழிந்து வந்தது. பாய் உரசியது. ஒரு குதிக்கால் நிலத்தில் அடித்தது. மறுபடி அடித்தது. இப்போது இன்னொரு மூச்சு. துணிக்குள் அமுங்கிய மூச்சு. கூப்பிடக்கூடாது. தட்டக்கூடாது. குதிக்கால் மறுபடி அடித்தது.

எழும்பி ஓடினாள். தட்டினாள். இரண்டு பேரின் பெயரையும் சொல்லிக் கத்தினாள். தோளால் இடித்தாள். பலகை அசையவில்லை. படலைக்கு வெளியே ஒரு மாடு நின்று பார்த்தது. ஒழுங்கையில் ஆளில்லை.

குதிக்கால் நின்றுவிட்டது.

கொஞ்சம் பொறுத்துக் கொண்டி விலகியது. சதீசன் முகத்து வேர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தான்.

"முட்டு, அக்கா. திடீரெண்டு இழுத்திட்டுது. வந்த உடனேயே உங்களுக்குச் சொன்னனான்தானே." மறியலில் பேசிய அதே மரியாதையான குரல். "நீங்கள்தான் எனக்காகப் பேச வேணும். உங்களை விட்டா எனக்கு வேற ஆர் இருக்கினம்."

கை கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

நிலாந்தினி பாயில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. ஞானசவுந்தரிக்கு நிலைப்படியை விட்டுக் காலெடுக்க ஏலவில்லை. உள்ளே மூச்சு நிற்கவில்லை. இலைப் பக்கம் ஒன்று, பழையது, கரகரத்தது. பாய்ப் பக்கம் ஒன்று, புதியது, அந்தப் பிள்ளையின் மூச்சு, இழுக்கப் பழகாமல் தடுமாறியது. இரண்டும் எழும்பின. இரண்டும் கதவடிக்கு வந்தன. அவளுடைய கன்னத்தில் ஒரு பக்கம் மூச்சுச் சூடு பட்டது. பிறகு மற்றப் பக்கம்.