கிணற்றுக்கட்டில் ஒரு வாளி

நுரைச்சோலையைத் தாண்டி இரண்டு மைல் போவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. கில்பட் காரை ஓரமாக நிறுத்தினான். பொனட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. இந்த மாதத்தில் இது நாலாவது தடவை.

பழைய டீசல் கார். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் வாங்கியது. இப்போது அது ஓடுவதே அவன் மனைவி அனஸ்தாசியாவுக்காகத்தான். வாரத்தில் இரண்டு நாள் புத்தளம் ஆஸ்பத்திரியில் அவளுடைய இரத்தத்தை மெசினில் சுத்தம் செய்ய வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, முன் சீட்டில் சாய்ந்திருந்தாள். மெசின் ஒரு மணிக்கு. தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இன்று தவறினால் இரவு தாங்குவாளோ தெரியாது.

மணி பதினொன்றேகால். கில்பட் மெக்கானிக் ஹஸன் நானாவுக்குப் போன் எடுத்தான்.

"மூடியத் தொறந்துறாதீங்க, கில்பட். அரை மணித்தியாலம் ஆற உடுங்க."

"அரை மணித்தியாலம் என்னட்ட இல்ல நானா."

"அது எஞ்சினுக்கு வெளங்குமா? களப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தி ரேடியேட்டர உப்பளமாக்கினது ஆரு? நாந்தானா?"

தோணி எஞ்சினுக்கு ஊற்றிய பழக்கத்தில் கில்பட் காருக்கும் இரண்டு வருடம் களப்பின் உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தான்.

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"கூரையில்லாத ஒரு வீடு. பக்கத்துல கிணறு இருக்கு."

"அது நல்ல தண்ணி. எடுங்க. வரக்குள்ள ஒரு வாளி நெறச்சு கட்டுல வெச்சிட்டு வாங்க."

"ஏன்?"

"எல்லாரும் வெக்கிறது." ஹஸன் நானா போனை வைத்துவிட்டார்.

உச்சி வெயிலில் அந்த வீடு நிழலே இல்லாமல் நின்றது. உடைமரங்களில் ஒரு காகம்கூட இல்லை. கிணற்றுக்கட்டில் விளிம்பு வரை நிரம்பிய வாளி ஒன்று இருந்தது. முன்னே போன யாரோ பின்னே வருகிறவருக்கு வைத்த தண்ணீர். அந்த வெயிலிலும் அது குளிர்ந்திருந்தது.

இருபத்தைந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு பழந்துணியால் மூடியைத் திறந்து அந்த வாளியை ரேடியேட்டரில் ஊற்றினான். இன்னொரு வாளி இறைத்துக் கேனையும் நிரப்பினான். வெறும் வாளியைக் கட்டுக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டு ஓடிவந்தான்.

"தண்ணி வச்சிட்டு வந்தீங்களா?" அனஸ்தாசியா கேட்டாள்.

"இந்தக் காட்டுல ஆர் குடிக்கப் போறது?"

"ஆராவது."

"உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா, ஆரையாவது பார்க்கிறதா?"

அவள் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தாள். வழிப்போக்கனுக்கு ஒரு வாளி தண்ணீர் வைப்பது சின்ன வேலை. சின்னது என்பதால்தான் அவசரத்தில் அதை முதலில் விட்டுவிடுகிறோம்.

அரை மைல்கூடப் போகவில்லை. முள் சட்டென்று மேலே போனது.

கில்பட் இறங்கிப் போய்ப் பார்த்தான். ஆவி இல்லை. கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. வந்த வழியும் காய்ந்து கிடந்தது. மூடியைத் தொட்டால் சில்லென்றிருந்தது. திறந்தான். ரேடியேட்டர் வறண்டிருந்தது. உள்ளேயிருந்து பாசி படிந்த கிணற்றின் வாடை வந்தது.

டிக்கியைத் திறந்து கேனைத் தூக்கினான். மூடி இறுக்கமாக இருந்தது. கேன் காற்றைப் போல எழும்பி வந்தது.

"சனியன் பிடிச்ச காரு." டயரை உதைத்தான். கால்தான் வலித்தது.

"இஞ்சாருங்க." அனஸ்தாசியாவின் குரல் மிகத் தாழ்வாக வந்தது. நாள் முழுவதற்கும் அவளுக்கு அளந்து வைத்த அரைப் போத்தல் தண்ணீரைத் தூக்கிக் காட்டினாள்.

அதிலும் ஒன்றுமில்லை.

"நான் வாயே வைக்கல்ல."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மடக்கு.

மூச்சு விடாமல் யாரோ விழுங்குகிற சத்தம்.

மடக்கு. மடக்கு.

பின் சீட்டிலிருந்து வந்தது. அங்கே யாருமில்லை. ஆனால் சீட்டின் ஒரு பக்கம், ஓர் ஆள் உட்கார்ந்ததுபோல அமுங்கியிருந்தது.

கில்பட் கதவைத் திறந்து அனஸ்தாசியாவை வெளியே இழுக்கப் போனான். அவள் தலையசைத்தாள்.

"என்னால நடக்க ஏலாது. நீங்க போய் அந்த வாளிய நிரப்பி வச்சிட்டு வாங்க. அது அவங்கட பங்கு."

"உன்னை இதோட விட்டிட்டா?"

"தாகத்துல இருக்கிறவங்கள எனக்குத் தெரியும்." செபமாலையைக் கையில் எடுத்தாள். "கெதியா போங்க."

அவன் கேனோடு ஓடினான். தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. காரை, ஹஸன் நானாவை, தன்னை என்று எல்லாரையும் ஏசிக்கொண்டே ஓடினான். கிணற்றடிக்கு வந்ததும் ஏச்சு நின்றது.

அவன் எறிந்த வாளி கட்டின் மேல் நிமிர்ந்து இருந்தது.

இறைத்தான். விளிம்பு வரை நிரப்பி வைத்தான்.

"தவறிட்டுது. குடிங்க" என்றான்.

கேனை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் ஒரு மடக்குச் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

காரில் அனஸ்தாசியா விழித்திருந்தாள். மூச்சு முன்னைவிடச் சீராக இருந்தது.

"கால்ல ஆரோ கை வச்சாங்க," என்றாள். "நல்ல குளிர்."

அவளுடைய இடது கணுக்காலில் ஐந்து விரல்கள் அழுத்திய குழிகள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றும் கில்பட்டின் விரலைவிட நீளம்.

கேன் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக் காரைக் கிளப்பினான். அதன் பிறகு சூட்டு முள் புத்தளம் வரை நடுவிலேயே நின்றது. அப்படி ஒருநாளும் நின்றதில்லை.

ஆஸ்பத்திரிக்குள் போகும்போது ஒன்று பத்து. தாதி ஷானிகா வாசலிலேயே நின்றாள். "அடுத்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன் அம்மா. கெதியா தராசில ஏறுங்க."

மெசினில் போடுமுன் நிறை பார்ப்பது வழக்கம். அனஸ்தாசியாவின் சரியான நிறை ஐம்பத்தொரு கிலோ. தண்ணீர் சேர்ந்து ஒவ்வொரு முறையும் ஐம்பத்துநாலுக்கு மேல் போய்விடும். மிச்சத்தைத்தான் மெசின் எடுக்கும்.

தராசு ஐம்பத்திரண்டு என்று காட்டியது.

"ரெண்டு நாளா தண்ணி குடிக்கல்லயா?" ஷானிகா குனிந்து கால்களைப் பார்த்தாள். இடது கால் வற்றித் தோல் சுருங்கியிருந்தது. வலது காலில் மட்டும் வீக்கம் மிச்சமிருந்தது. அவள் தராசைத் தட்டினாள். "பழுதாப் போச்சோ."

ஐம்பத்தொன்று தசம் எட்டு.

அறையில் யாரும் அசையவில்லை.

ஐம்பத்தொன்று தசம் ஐந்து.

வலது காலில் ஒரு பெருவிரல் அளவுக் குழி தானாக அமிழ்ந்தது. பிறகு நான்கு விரல்கள்.

ஐம்பத்தொன்று தசம் இரண்டு. ஐம்பத்தொன்று.

ஐம்பது தசம் ஒன்பது.

கில்பட் அவளைத் தராசிலிருந்து இறக்கக் கை நீட்டினான். அனஸ்தாசியா அவனைத் தடுத்தாள். தன் காலடியைப் பார்த்து, பசியோடு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"போதும்மா."

எண் நின்றது.

பிறகு, இன்னும் ஒரு மடக்கு குறைந்தது.