குருவி பெயர் வந்த சீட்டு

அன்று சபைக்கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். இளையோர் குழுவை நடத்தும் கண்ணாடிக்கடை அண்ணன் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே இரட்டையர்கள். சன்னலோர பெஞ்சில் தையற்காரர் மகன் 'ஊசி'. அவன் பக்கத்தில், கால் தரைக்கு எட்டாமல், அவன் தங்கை. வாசலோரம் நான். எதையும் வரிசைப்படுத்திச் சொல்வதால் எனக்கு அங்கே 'பட்டியல்' என்று பெயர்.

"அன்பா இருக்கணும்னு இயேசு சொன்னதை வாயால பாடியாச்சு. இந்த வாரம் கையால செய்யணும்," என்றார் அண்ணன். "சீட்டுல யார் பேரோ, அவங்களுக்கு ஒரு வாரம் நல்லது செய்யுங்க. செய்யறது யாருன்னு தெரிஞ்சா அவுட்!"

ஆறு சீட்டு, ஆறு பேர். நான் என் சீட்டைப் பிரித்தேன். குருவியின் பெயர்!

"என்ன பட்டியல், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? என் பேரா?" என்றான் ஊசி. "பயப்படாதே. எனக்கு மிட்டாயே போதும்."

எங்களோடு பாடிக்கொண்டிருந்த குருவி போன மாதமே குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு சீட்டை அண்ணனிடம் நீட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வருகைப் பதிவேட்டைப் பார்த்து அப்படியே எழுதிட்டேன். அவ பேரை இன்னும் அடிக்கல. என் பேரை மறந்துட்டேன், அதான் எண்ணிக்கை சரியா வந்துருச்சு! கொடும்மா, என் பேரை எழுதித் தரேன். தினம் என் சைக்கிளைத் துடைச்சா போதும்."

சுலபமான வேலைதான். ஆனால் சீட்டை விட எனக்கு மனம் வரவில்லை.

காரணம் இருந்தது. பாட்டுப் பயிற்சியில் குருவி எப்போதும் உச்சத்தில் பாடுவாள். ஒருநாள் நான், "மெதுவா பாடேன், தகர டப்பா உருள்ற மாதிரி இருக்கு," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வாயை மட்டும் அசைத்தாள். சத்தம் வரவில்லை. ஊரை விட்டுப் போகும்வரை அப்படித்தான்.

"இது எனக்கே இருக்கட்டும்ண்ணா. அவ விலாசம் மட்டும் கொடுங்க."

வீட்டுக்குப் போனதும் எழுதினேன்: 'உன் குரல் இல்லாமல் நம் பாட்டு சப்பென்று இருக்கிறது. அங்கேயும் பாடு. இப்படிக்கு, ஒரு தோழி.'

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஏதோ இடித்தது. இந்தத் தோழி யார் என்று குருவி யோசிப்பாள். யாரை வேண்டுமானாலும் நினைப்பாள். என்னை மட்டும் நினைக்கவே மாட்டாள். நான் சொன்ன தகர டப்பா அவள் காதில் அப்படியே உருண்டுகொண்டிருக்கும்.

கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

'அன்புள்ள குருவி,

ஒன்று: தகர டப்பா என்று சொன்னது தப்பு.

இரண்டு: அதை எல்லார் முன்னாலும் சொன்னது அதைவிடத் தப்பு.

மூன்று: உன் உச்சக் குரல் எனக்கு எட்டாது. அந்தப் பொறாமையில்தான் சொன்னேன்.

நான்கு: என்னை மன்னித்துவிடு. தயவுசெய்து பாடு.'

அடியில் என் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினேன்.

தபால் பெட்டி அருகே ஊசி தங்கையோடு எதிரில் வந்தான்.

"கடிதமா? யாருக்கு?"

"குருவிக்கு. அவ சீட்டுதான் எனக்கு வந்துச்சு. என் பேரையும் எழுதிட்டேன். நான் அவுட்!"

"முதல் நாளேவா! அப்புறம் எதுக்கு இளிக்கிற?"

"தெரியல," என்றேன்.

"குருவி அக்காவை நான் கேட்டேன்னு எழுதினியா?" என்றாள் தங்கை.

உறையை இன்னும் ஒட்டவில்லை. சுவரில் வைத்து, 'ஐந்து: ஊசியின் தங்கை உன்னைக் கேட்டாள்' என்று சேர்த்தேன். பிறகு மடிப்பிலிருந்த பசையை ஈரப்படுத்தி, ஓரம் முழுதும் நகத்தால் அழுத்தி, உறையைப் பெட்டிக்குள் விட்டேன். அது அடியில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தேன்.