மணப்பெண்ணை அளந்தது யார்?

அந்த உடலுக்குத் தலை இல்லை!

1953. தண்டையார்பேட்டை. காலை ஏழு மணி.

பூட்டு உடைந்து கிடந்த கதவுக்குள் எட்டிப் பார்த்த மீன்காரி பச்சையம்மா, கூடையைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

"ஐயோ... சாபிரா வூட்டுல கொலை!"

பால் வாங்கப் போயிருந்த சாபிரா ஓடி வந்தாள். பார்த்தாள்.

"கொலை இல்லக்கா. பொம்மை."

மவுண்ட் ரோடு ஏலத்தில் எடுத்த தையல் பொம்மை. சற்று முன்வரை அதன்மேல் ஒரு கல்யாண உடுப்பு இருந்தது. ரோஸ் சாட்டின் பாவாடை. ஜரிகை வைத்த ஜம்பர், அதாவது முழுக்கை ரவிக்கை. நாற்பது நாள் உழைப்பு!

இப்போது பொம்மை அம்மணமாகக் கிடந்தது.

நிக்காஹ் இன்று மாலை...

சாபிராவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. புருஷன் விட்டுப் போன பிறகு, ஒற்றை மிஷினை வைத்துக்கொண்டு, மணப்பெண்களுக்கு மட்டுமே தைத்துப் பேர் வாங்கியவள் அவள். ஆண் டெய்லர் வாசலோடு நிற்க வேண்டிய வீடுகளில், இவள் உள்ளே போய்ப் பெண்ணைத் தொட்டு அளவெடுப்பாள். இன்று உடுப்பு போய்ச் சேராவிட்டால், அந்த வீடுகளில் ஒன்றுகூட இனி அவளுக்குக் கதவு திறக்காது.

ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டு பரசுராமனைக் கையோடு அழைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் நடந்ததைச் சொல்ல ராயபுரம் போனாள். தோல் வியாபாரி தமீமின் வீடு. அவர் மகளுக்குத்தான் கல்யாணம்.

கூடத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

பெஞ்சின்மேல் அவள் உடுப்பு! பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு... மஜீது.

வண்ணாரப்பேட்டை மஜீது மாஸ்டர். 'பொட்டச்சி செய்ற தொழிலா இது?' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற டெய்லர்.

"இன்னாம்மா சாபிரா," என்றார் தமீம், கடுப்பாக. "உன்னால முடியலன்னு மாஸ்டர்கிட்ட தள்ளிட்டியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாணாம்?"

"யாரு சொன்னது?"

"நாந்தான்," மஜீது சிரித்தான். "துணியும் அளவுச் சீட்டும் குடுத்துட்டு, காப்பாத்து மாஸ்டர்னு அழுதுச்சு பாய். வெட்டுனது, தச்சது, ஜரிகை வச்சது, எல்லாமே நான். உங்க ரெண்டாவது பொண்ணுக்கும் நானே தச்சித் தரேன்."

"பொய். என் பூட்ட ஒடச்சி எடுத்துகினு வந்துட்டான்."

"சாட்சி யாராச்சும் கீறாங்களாம்மா?" என்றார் ஏட்டு.

இல்லை.

தமீம் தாடியைத் தடவினார். "ஒரு ஆம்பள இவ்ளோ பேர் முன்னால சொல்றான். பொய்யா சொல்லுவான்?"

சாபிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூட்டை உடைத்ததைவிட இந்த வார்த்தைதான் அதிகமாகச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, உள்கட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமி, பொண்ணு உடுப்பு போட்டுப் பாத்துச்சா?"

"பாத்துச்சு. கச்சிதமா கீது," என்றது மணப்பெண்ணுடைய தாயின் குரல்.

"அப்போ மாஸ்டர் சொல்றது இடிக்குதே. என் சீட்டுல ஒரு தப்பு பாய். ரெண்டு தோளும் சமம்னு எழுதிட்டேன். பொண்ணுக்கு சமம் இல்ல. சீட்ட வச்சி தச்சிருந்தா எப்டி கச்சிதமா இருக்கும்?"

மஜீது ஒரு வினாடி முழித்தான். ஜம்பரைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அந்தத் தப்பத்தான் நான் திருத்துனேன்! பாருங்க பாய், இடது தோள் அரை இஞ்சு எறக்கிக்கீறேன்."

"எத வச்சி எறக்குனே? அளவுக்குப் பழைய சட்டை குடுத்தாங்களா?"

"எங்க வூட்லேர்ந்து ஒரு நூல்கூட வெளிய போவல," என்றார் தமீம்.

"பின்ன... குறி கேட்டியா மாஸ்டர்?"

மஜீதுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை இன்னான்னு நெனச்சே? நேர்ல அளந்தேன். என் டேப்பால!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

தமீம் மெதுவாக எழுந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மகன்கள் மூன்று பேர். மூட்டை தூக்கி முறுக்கேறிய கைகள்.

"என் மவள... நீ... எப்ப அளந்தே?"

டீ கிளாஸ் நழுவி உடைந்தது.

"இல்ல பாய்... அளக்கல... அல்லா மேல ஆணை, நான் பாத்ததே இல்ல..."

"அப்போ உடுப்பு?"

"திருடுனேன்! பூட்ட ஒடச்சேன்! ஏட்டய்யா, என்னை ஸ்டேஷனுக்கு இட்டுகினு போங்க... சீக்கிரம்..."

இருபது வருஷ சர்வீஸில், விலங்குக்குத் தானே கை நீட்டிய திருடனை ஏட்டு பார்த்ததில்லை.

"சீட்டுல தப்புன்னியேம்மா?"

"தப்பா அளந்தா நான் எப்டி பொழைக்கிறது ஏட்டய்யா? சீட்டுல தப்பே இல்ல. இவன் அதக் கண்ணால பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

தமீம் தலை குனிந்தார். "மன்னிச்சுக்கம்மா. ரெண்டாவது பொண்ணுக்கும் நீதான் தைக்கணும்."

"தைக்கறேன் பாய். ஆனா ஆம்பள பொய் சொல்லுவானான்னு கேட்டீங்களே... அதே வாயால, இன்னிக்கி நிக்காஹ் சபையில, தச்சது சாபிரான்னு சொல்லணும்."

"சொல்றேன்."

மகன்கள் நெருங்க நெருங்க, மஜீது ஏட்டை முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். சாபிரா குரல் கொடுத்தாள்.

"பயப்படாம போ மாஸ்டர். ஜெயில்ல பூரா ஆம்பளைங்க. எத்தினி பேர வேணா நேர்ல அளக்கலாம்."